வெந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஏன் கசக்கிறது?

வாசல்திண்ணை

பொங்கலுக்கு வாங்கிய சர்க்கரைவள்ளியில் ஒன்றரைக் கிலோ மிச்சம் கிடந்தது. நேற்று சாயங்காலம் நாலு கிழங்கை எடுத்துக் குக்கரில் போட்டேன். மூன்று தேன் மாதிரி இருந்தது. நாலாவதை வாயில் வைக்க முடியவில்லை. பாகற்காய்க் கசப்பு என்றால் பொறுத்துக்கொள்ளலாம், இது வேறு. பெயின்ட் கடையில் டர்பன்டைன் டப்பாவைத் திறந்தால் அடிக்குமே, அந்த வாடையோடு கசந்தது.

வெளியே பார்த்தால் நல்ல கிழங்குதான். தோலில் ஊசியால் குத்தியதுபோல் நாலைந்து கரும்புள்ளி, அவ்வளவே. பிட்ட பிறகுதான் தெரிந்தது. உள்ளே பழுப்பாக ஒரு சுரங்கம், அதில் தூள்தூளாக அடைசல், கூடவே வெந்துபோன ஒரு வெள்ளைப் புழு. அந்தப் பக்கத்தை நறுக்கி எறிந்துவிட்டு, பார்க்க நன்றாக இருந்த பாதியைத் தின்று பார்த்தேன். அதுவும் கசப்பு.

மாமியார் "புழுவோட எச்சம் ஊறியிருக்கும்" என்கிறார். வீட்டுக்காரர் "மருந்து அடிச்ச கிழங்கு" என்கிறார். எனக்கு இரண்டிலும் திருப்தி இல்லை. பையில் இன்னும் ஆறு பச்சைக் கிழங்கு இருக்கிறது, சிலதில் அதே புள்ளி. யாருக்காவது விவரம் தெரியுமா?

ஏர்முனை

வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி. இப்போது எந்தக் கிழங்கு மருந்தில்லாமல் விளைகிறது? குருணை மருந்து போடுகிறார்கள், கிழங்கு உறிஞ்சிக்கொள்கிறது, கசக்கிறது. இதில் ஆராய என்ன இருக்கிறது?

பழையவயல்

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். ஒரே பையில் மூன்று கிழங்கு இனிக்கிறது, புழு இருந்த கிழங்கு மட்டும் கசக்கிறது. மருந்து அப்படி ஆள் பார்த்தா போகும்? அதோடு, கசக்கிற அளவுக்கு மருந்து ஏறிய கிழங்கில் புழு சாவகாசமாகச் சுரங்கம் தோண்டிக்கொண்டு இருக்குமா?

நான் முப்பது வருஷம் கிழங்குப் பயிர்களோடு குப்பை கொட்டியவன். அம்மா பார்த்தது சர்க்கரைவள்ளிக் கூன்வண்டின் புழு. வண்டை நேரில் பார்த்தால் எறும்பு என்றுதான் நினைப்பீர்கள். அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளம். தலையும் இறக்கையும் பளபளக்கும் கருநீலம், கழுத்தும் கால்களும் செங்கல் சிவப்பு. முன்னால் நீண்ட மூக்கு. விரலால் தொட்டால் காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் எழுந்து நடையைக் கட்டும். ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கக்கூட லென்ஸ் வேண்டாம், நல்ல கண் இருந்தால் போதும். உணர்கொம்பின் நுனி குச்சி மாதிரி நீண்டிருந்தால் ஆண், குண்டாக உருண்டிருந்தால் பெண்.

பெண் வண்டு மூக்கால் கிழங்கில் ஒரு சின்னக் குழி பறித்து, ஒரே ஒரு முட்டை வைத்து, தன் எச்சத்தால் மூடிவிட்டுப் போகும். அம்மா பார்த்த "ஊசிப் புள்ளி" அந்த மூடிதான். ஒரு வாரம் போல ஆனால் முட்டை பொரியும். கால் இல்லாத புழு இரண்டு மூன்று வாரம் உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகி வெளியே வரும். அறுவடை செய்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் இந்தக் கதை நிற்காது.

கசப்புக்கு வருகிறேன். அது புழுவின் எச்சமும் இல்லை, மருந்தும் இல்லை. கிழங்கு தானே செய்துகொண்டது. மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வேகவைத்தாலும் சுட்டாலும் முழுசாகப் போகாது.

வாசல்திண்ணை

கிழங்கு தானே செய்ததா? மண்ணிலிருந்து பிடுங்கி, பத்து நாள் பையில் கிடந்த கிழங்கு? எனக்கு அது சரக்கு மாதிரிதான் இருந்தது, உயிரோடு இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

கரிமவேதி

உயிரோடுதான் இருக்கிறது அக்கா, மூச்சும் விடுகிறது. முளை விடுவதைப் பார்த்திருப்பீர்களே. நான் தாவர வேதியியலில் ஆராய்ச்சி மாணவன். கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

கசப்பின் பெயர் இபோமியாமரோன். 1943இல் ஜப்பானில் ஹியூரா என்பவர் முதலில் பிரித்தெடுத்தார். அப்போது அவர் கையில் இருந்தது வண்டு தின்ற கிழங்கு அல்ல, கருஞ்சொத்தை என்ற பூஞ்சை நோய் பிடித்த சர்க்கரைவள்ளி. நல்ல கிழங்கில் தேடினால் இது கிடைக்காது, நோய் வந்த கிழங்கில் நிறையக் கிடைக்கும். அடி விழுந்த பிறகு செடி புதிதாகச் செய்துகொள்ளும் இத்தகைய பொருள்களுக்கு ஃபைட்டோஅலெக்சின் என்று பெயர்.

பிறகு நகோயா பல்கலைக்கழகத்தில் உரிதானி என்பவரும் அவருடைய குழுவினரும் இதே கிழங்கோடு பல வருஷம் மல்லுக்கட்டினார்கள். 1960இல் கூன்வண்டு தின்ற கிழங்கை எடுத்து ஆராய்ந்து, அதிலும் இபோமியாமரோன் இருப்பதைக் காட்டினார்கள். கூடவே கூமரின் வகையில் இரண்டு பொருள்கள் கிடைத்தன: அம்பெல்லிஃபெரோன், ஸ்கோபோலெட்டின். பூஞ்சைக்குக் கொடுக்கும் பதிலைத்தான் வண்டுக்கும் கொடுக்கிறது கிழங்கு.

டர்பன்டைன் வாடை என்று எழுதினீர்களே, மூக்கைப் பாராட்ட வேண்டும். டர்பன்டைன் என்பது பைன் மரத்துப் பிசினிலிருந்து எடுக்கும் டெர்பீன் எண்ணெய். டெர்பீன் என்பது செடிகளும் மரங்களும் செய்யும் ஒரு வேதிப்பொருள் குடும்பம். இபோமியாமரோனும் டெர்பீன் குடும்பம்தான், 15 கரி அணு கொண்ட உறவுக்காரர்.

"நல்ல பாதியும்" கசந்தது ஏன்? இதைச் செய்வது புழு தின்ற திசு அல்ல, அது செத்துவிட்டது. பக்கத்தில் உயிரோடு இருக்கும் செல்கள்தான் செய்கின்றன. சுரங்கத்தை ஒட்டிய, பார்க்க நன்றாக இருக்கும் சதையில்தான் அடுப்பு எரிகிறது. பழுப்பை மட்டும் செதுக்கி எறிந்தால் சமையலறையை விட்டுவிட்டு எச்சில் இலையை எடுத்துப் போட்ட கதை.

ஏர்முனை

சரி, மருந்து இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கேள்வி. எங்கள் வயலில் அறுவடை அன்று மண்வெட்டி பட்டு எத்தனையோ கிழங்கு வெட்டுப்படும். அதையெல்லாம் விற்க மாட்டோம், வீட்டில்தான் அவிப்போம். ஒருநாளும் கசந்ததில்லை. வெட்டும் காயம்தானே? காயத்துக்குத்தான் கிழங்கு கசப்பைச் சுரக்கிறது என்றால் மண்வெட்டிக்கும் சுரந்திருக்க வேண்டுமே?

கரிமவேதி

அண்ணே, இந்த இழையின் நல்ல கேள்வி இதுதான். உரிதானி குழுவினரை வருஷக்கணக்கில் உட்கார வைத்த கேள்வியும் இதுதான்.

சர்க்கரைவள்ளியைக் கத்தியால் வெட்டி வைத்தால் அது சும்மா இருப்பதில்லை. குளோரோஜெனிக் அமிலம் போன்ற பீனால் பொருள்கள் ஏறும். அவைதான் காற்றுப்பட்டு வெட்டு வாயைப் பழுப்பாக்குகின்றன, வாழைக்காய் நறுக்கினால் கறுக்கிறதே, அதுபோல. பிறகு வெட்டின் மேல் தக்கை மாதிரி ஒரு தோல் கட்டும். காயம் ஆறிவிடும். ஆனால் இபோமியாமரோன் சொல்லும்படி வராது.

அதே வெட்டில் கருஞ்சொத்தைப் பூஞ்சையை வைத்தால் வரும். மெர்குரிக் குளோரைடு என்ற பாதரச உப்பைத் தடவினாலும் வரும். செல்லை நஞ்சாக வந்து ஏதோ கொல்கிறது என்ற செய்தி கிடைத்தால்தான் கிழங்கு அந்த இரண்டாவது அடுப்பைப் பற்றவைக்கிறது. வெறும் வெட்டுக்கு முதல் அடுப்பு போதும்.

அப்படியானால் வண்டு? 1982இல் அதே ஜப்பானியர்கள் கூன்வண்டுகளை அரைத்துச் சாறெடுத்து, வெட்டிய கிழங்கில் தடவிப் பார்த்தார்கள். டெர்பீன் சுரந்தது. வண்டு இல்லை, புழு இல்லை, கடியும் இல்லை, சாறு மட்டும்தான். வண்டின் உடம்பில் உள்ள ஏதோ ஒரு பொருளைக் கிழங்கு அடையாளம் கண்டுகொள்கிறது. உங்கள் மண்வெட்டியில் அந்தப் பொருள் கிடையாது, அதனால் உங்கள் கிழங்கு இனித்தது.

ஏர்முனை

ம்.

வன்னிக்காற்று

எங்கட ஊரில் இதை வற்றாளங்கிழங்கு என்பம். வண்டு குத்தினதை அம்மம்மா மணந்து பார்த்தே ஒதுக்கிப்போடுவா. அவிச்சாப் பிறகு ஒதுக்கிறதில்லை, பச்சையில மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு மணப்பா.

எனக்கு ஒரு சந்தேகம். மரவள்ளியும் கசக்குது, அதிலயும் நஞ்சு இருக்கு. இஞ்சியோடு சேர்த்துச் சாப்பிடக்கூடாது என்று சின்ன வயசிலிருந்தே கேட்டு வளர்ந்தனாங்கள். அதுவும் இதே கதையோ?

பழையவயல்

இல்லை, நேர் எதிர்க்கதை. இஞ்சி விஷயம் உங்கள் பக்கத்து நம்பிக்கை, அதற்குள் நான் போகவில்லை. மரவள்ளி எதிரிக்காகக் காத்திருப்பதில்லை, எப்போதும் ஆயுதத்தோடுதான் இருக்கும். லினாமரின் என்ற பொருளைச் செல்லுக்குள் ஓர் அறையில் வைத்திருக்கும், அதை உடைக்கும் நொதியைச் செல்சுவரில் வைத்திருக்கும். கடித்தாலோ துருவினாலோ இரண்டும் கலந்து கடைசியில் ஹைட்ரஜன் சயனைடு வரும். கத்தியா வண்டா என்று அது பார்ப்பதில்லை. ஆகவேதான் துருவி, ஊறவைத்து, பிழிந்து, காயவைத்துச் சாப்பிடுகிறோம்.

இதில் பலனும் உண்டு. கொலம்பியாவில் மண்ணுக்குள் இருந்து மரவள்ளியைக் குத்தும் ஒரு கறுப்பு நாவாய்ப்பூச்சி உண்டு. சயனைடு அதிகமுள்ள கசப்பு மரவள்ளியை அது அவ்வளவாகத் தொடாது, இனிப்பு மரவள்ளிக்குத்தான் வரும். நாம் தின்ன நல்லதென்று தேர்ந்தெடுத்த ரகம் பூச்சிக்கும் நல்லதாகப் போய்விட்டது.

தொழுவம்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் கழித்த கிழங்கை மூட்டையாகக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். மாட்டுக்குப் போடலாமா? சில மாடு தின்கிறது, சில மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. பாதி மூட்டையில் பூசணம்கூட இருக்கிறது.

பழையவயல்

போடாதீர்கள். இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்.

வண்டு துளைத்த வழியே பூஞ்சை ஏறும். அந்தப் பூஞ்சைகளில் ஃபுசேரியம் சொலானி என்று ஒன்று. கிழங்கு தன் பாதுகாப்புக்குச் செய்த டெர்பீன்களை அது உடைத்து, சின்னதாக வேறொரு நஞ்சாக்கும். பெயர் 4-இபோமியனால். அது மாட்டின் ஈரலை விட்டுவிட்டு நுரையீரலைப் பிடிக்கும். மாடு வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி, மூச்சுக்குத் திணறும். நிமோனியா என்று நினைத்து ஊசி போட்டுக்கொண்டிருப்பீர்கள், மாடு போய்விடும். பூசணம் பிடித்த சர்க்கரைவள்ளி தின்ற மாடுகள் அமெரிக்காவில் இப்படிச் செத்திருக்கின்றன.

முகர்ந்துவிட்டுப் போகிற மாடு புத்திசாலி. பசியில் இருக்கும் மாடு அப்படி இருக்காது.

கரிமவேதி

ஐயா சொன்னதற்கு ஒரு கிளைக்கதை. 4-இபோமியனால் நேராக நஞ்சல்ல. நுரையீரலில் உள்ள சில செல்களின் நொதிகள் அதைத் தொட்டு மாற்றும்போதுதான் நஞ்சாகிறது, மாற்றிய செல்லையே கொல்கிறது. இதைப் பார்த்த அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்கு ஆசை வந்தது: நுரையீரல் செல்லைத் தேடிக் கொல்கிறதே, நுரையீரல் புற்றுக்கு மருந்தாக்கினால் என்ன? மனிதர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மனித உடம்பில் அது நுரையீரலை விட்டுவிட்டு ஈரலைப் பிடித்துக்கொண்டது. முயற்சி அதோடு நின்றது.

தாய்ப்பொருளான இபோமியாமரோனும் ஆய்வக விலங்குகளின் ஈரலைக் கெடுத்திருக்கிறது. வாசல்திண்ணை அக்கா இரண்டு வாய் தின்றதற்குப் பயப்பட வேண்டாம், அதற்கு மேல் தின்ன நாக்கே விடாது. ஆனால் "வீணாக்கக் கூடாது" என்று வெல்லம் போட்டு மறைத்துக் குழந்தைக்குக் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

ஏர்முனை

எல்லாம் ஒப்புக்கொள்கிறேன், மருந்து என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் கணக்கு உதைக்கிறது. இவ்வளவு பாடுபட்டுக் கிழங்கு கசப்பைச் செய்கிறது. நமக்குக் கசக்கிறது, மாட்டுக்குக் கசக்கிறது. கடிக்கிற புழு மட்டும் உள்ளே சொகுசாக இருந்து வண்டாகி வெளியே வருகிறது. திருடன் உள்ளே இருக்கும்போது வாசலைப் பூட்டுகிற காவல் என்ன காவல்?

கரிமவேதி

நீங்கள் ஆராய்ச்சிக்கு வந்திருக்கலாம் அண்ணே.

இதற்கு நான் சொல்வது என் கருத்து, பாடப்புத்தகத்தில் இப்படி ஒரே வரியில் இருக்காது. இந்தக் காவல் புழுவுக்காக மட்டும் வைத்தது இல்லை. புழு போட்ட துளை வழியே வரிசை கட்டி வரும் பூஞ்சைகளை நினைத்துப் பாருங்கள். ஒரு புழு கிழங்கில் ஒரு பகுதியைத்தான் தின்னும். அழுகல் விட்டால் முழுக் கிழங்கும் போய்விடும், அடுத்த முளைக்கு ஒன்றும் மிஞ்சாது. இபோமியாமரோன் பூஞ்சையை அடக்கும் பொருள். சுரங்கத்தைச் சுற்றி அதைக் கொட்டி வைப்பது, திருடனை விட்டுவிட்டு, அவன் உடைத்த சுவர் வழியே ஊர் புகாமல் பார்ப்பது. ஃபுசேரியம் அந்தச் சுவரையே தின்னப் பழகிக்கொண்டது, அது வேறு விஷயம்.

வண்டை நேராக எதிர்க்கும் வேலை கிழங்கின் மேல்தோலிலும் பாலிலும் நடக்கிறது. கிழங்கைக் கிள்ளினால் வெள்ளையாகப் பால் வருமே, அதைச் சொல்கிறேன். உகாண்டாவில் நியூ கவோகோ என்று ஒரு நாட்டு ரகம். அங்கே வேறு இனக் கூன்வண்டுகள், நம் வண்டின் பங்காளிகள். மற்ற ரகம் சல்லடையாகும்போது இது ஓரளவு தாக்குப்பிடிக்கும். காரணம் தேடியவர்களுக்கு அதன் தோலிலும் பாலிலும் ஹைட்ராக்ஸிசின்னமிக் அமில எஸ்டர்கள் கூடுதலாகக் கிடைத்தன. அவற்றைப் புழுத் தீனியில் கலந்து கொடுத்தால் புழுக்கள் தேறவில்லை. இது வண்டு வந்த பிறகு சுரப்பது இல்லை, மரவள்ளி மாதிரி முன்கூட்டியே தயாராக இருப்பது.

தோலே காட்டிக்கொடுப்பதும் உண்டு. சர்க்கரைவள்ளித் தோலில் போமெரைல் அசிடேட் என்று ஒரு மெழுகுப் பொருள். பெண் வண்டை முட்டை வைக்கத் தூண்டுவதே அதுதான். வாசலில் கோலம் போட்டு வரவேற்கிற மாதிரி.

இலைப் பக்கம் இன்னொரு வேடிக்கை. தைவானில் தைநுங் 57 என்ற ரகத்தின் இலையைப் புழு தின்றால் அது டிஎம்என்டி என்ற வாசனையை நிறைய விடுகிறது. அந்த வாசனை பட்ட பக்கத்துச் செடி, தன்னை யாரும் கடிக்காமலேயே, ஸ்போரமின் என்ற புரதத்தை ஏற்றிக்கொள்கிறது. ஸ்போரமின் புழுவின் வயிற்றில் டிரிப்சின் நொதியை முடக்கும், தின்றது செரிக்காது. 2019இல் வெளிவந்த ஆய்வு. கிழங்கில் உள்ள புரதத்தில் பெரும்பங்கும் இதே ஸ்போரமின்தான். நாம் வேகவைத்துத் தின்பதால் நமக்கு அது தொந்தரவு இல்லை.

வாசல்திண்ணை

அப்படியானால் இந்த ஆறு கிழங்கை என்ன செய்ய?

பழையவயல்

புள்ளி இல்லாததைப் பிரித்துத் தனியே வையுங்கள், சீக்கிரம் தின்றுவிடுங்கள். புள்ளி உள்ளதை முழங்கால் ஆழம் குழி வெட்டிப் புதையுங்கள். உரக்குழியில் மேலாகப் போட்டுவிடாதீர்கள், வண்டு வெளியே வந்து ஊர் சுற்றும். அடுத்த முறை வாங்கும்போது வன்னிக்காற்று அம்மம்மா வழியைப் பின்பற்றுங்கள்.

ஏர்முனை தம்பிக்கு: இந்த வண்டுக்கு மண்ணைத் தோண்டத் தெரியாது. வெடிப்பு வழியேதான் கிழங்குக்கு இறங்கும். தண்ணீர் தட்டுப்பட்டு நிலம் பாளம் பாளமாக வெடித்தால் நாமே படிக்கட்டுக் கட்டிக் கொடுத்த மாதிரி. இரண்டு மூன்று முறை மண் அணைத்து, வெடிப்பு விடாமல் பாய்ச்சினாலே பாதிச் சேதம் குறையும். நாலு மாதத்தில் எடுக்க வேண்டியதை விலை வரட்டும் என்று ஐந்து மாதம் விட்டு வைக்காதீர்கள். பழைய வயலிலிருந்து கொடி எடுத்தால் நுனிக்கொடியாக எடுங்கள், அடிக்கொடியில் முட்டை இருக்கும். கடற்கரைப் பக்கம் என்றால் அடம்புக்கொடியையும் பாருங்கள், கிழங்கு இல்லாத காலத்தில் வண்டு அதில்தான் குடியிருக்கும்.

அப்புறம் இனக்கவர்ச்சிப் பொறி. பெண் வண்டின் வாசனையை 1986இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையமும் இந்தப் பொறியைப் பரிந்துரைக்கிறது. ஆண் வண்டுகள் ராத்திரியில் வந்து விழும். காலையில் எண்ணிப் பாருங்கள், உங்கள் வயலில் எவ்வளவு வண்டு என்று அப்போதுதான் உறைக்கும்.

வன்னிக்காற்று

கரிமவேதிக்கு ஒன்று. பிடுங்கின மரவள்ளியை ரெண்டு நாள் வைச்சிருந்தால் உள்ளே நீலக்கோடு விழுமே, அந்த ஸ்கோபோலெட்டின்தான் அதுக்கும் காரணம் என்று எங்கேயோ படிச்சனான். சரியோ?

கரிமவேதி

அதற்கும் அதில் பங்கு உண்டு. ஸ்கோபோலெட்டினுக்கு ஒரு குணம், புற ஊதா வெளிச்சத்தில் பளீரென்று நீலமாக ஒளிரும். கெட்டுப்போகத் தொடங்கிய மரவள்ளியை இருட்டில் அந்த விளக்கின் கீழ் வைத்தால் அழகாக இருக்கும், தின்னத்தான் முடியாது. அம்பெல்லிஃபெரோனும் அப்படித்தான். கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கே போதும்.

வாசல்திண்ணை

நீங்கள் சொன்னதும் தம்பி கடையிலிருந்து நோட்டு விளக்கை வாங்கி வந்துவிட்டேன்.

மூன்று நாள் முன்பு ஏர்முனை அண்ணன் கேள்வியைப் படித்ததும் புள்ளி இல்லாத கிழங்கு ஒன்றில் கத்தியால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தேன். இன்று அதையும், புள்ளி உள்ள ஒன்றைக் குறுக்கே அரிந்தும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டோம். கத்திக் கீறலில் ஏதோ மங்கலாக. வண்டுக் கிழங்கில் சுரங்கம் கறுப்பாக இருக்க, அதைச் சுற்றி ஒரு விளிம்பு நீலமாக ஜொலித்தது, கேஸ் அடுப்பு எரிகிற மாதிரி. விளக்கை அணைத்துப் பார்த்தால் அந்த விளிம்பு இருந்த இடம் சாதாரணச் சதை, ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அந்த இடத்தைத்தான் நான் நறுக்காமல் தின்றிருக்கிறேன்.

மாமியார் இரண்டு தடவை பார்த்தார். "எச்சம்தான் மின்னுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கரிமவேதி

மாமியாரிடம் நான் வாதாட மாட்டேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: நீலமாகத் தெரிவது கூமரின்கள், கசப்புப் பொருள் அல்ல. இபோமியாமரோனை அந்த விளக்கு காட்டாது. நீலம் இல்லாத இடம் எல்லாம் தின்னலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

ஏர்முனை

அக்கா, அந்த விளக்கு என்ன விலை?

வாசல்திண்ணை

தம்பி 150 ரூபாய் என்றான். ஆனால் இப்போது விளக்கு என் பிள்ளையிடம் இருக்கிறது. வீட்டில் உள்ள உருளை, கேரட், முள்ளங்கி எல்லாவற்றையும் அரிந்து அரிந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். ராத்திரிக்குச் சாம்பார்தான்.